ஒளித்து வைத்த ஒளி

இன்று ராத்திரி ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஷூவைக் கழற்றி, முகம் கழுவி, காபி கேட்பதற்கு முன்னால் நேராகச் சமையலறைக்குப் போங்கள். (வீட்டம்மா மயக்கம் போட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல.) ட்யூப்லைட்டைப் போடுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காய் நறுக்கும் இடத்தில் மேடை மேல் வையுங்கள். நறுக்குகிறவர் நிற்கும் இடத்தில் நின்று, நறுக்குவது போலக் கொஞ்சம் குனியுங்கள்.

காகிதத்தின் மேல் என்ன தெரிகிறது?

உங்கள் தலை! கன்னங்கரேலென்று, இரண்டு தோளோடு சேர்த்து, கட்-அவுட் மாதிரி விழுந்திருக்கும். கத்தி எங்கே, விரல் எங்கே, கத்திரிக்காயில் புழு எங்கே என்கிற விசாரணையெல்லாம் தினமும் அந்த நிழலுக்குள்தான் நடக்கிறது.

"எங்க வீட்ல பெரிய ட்யூப் சார், பட்டப்பகல் மாதிரி இருக்கும்" என்பவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவும். பட்டப்பகல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விளக்கு ஒன்று கூரைக்கு நடுவில் இருக்கும், அல்லது எதிர்ச்சுவரில், கதவுக்கு மேலே இருக்கும். சமைக்கிறவரோ சுவரைப் பார்த்து நிற்கிறார். வெளிச்சத்துக்கும் வேலைக்கும் நடுவே ஒரு முழு ஆள். வாட்டைக் கூட்டினால் அறை பளபளக்கும். நிழல் நிழலாகவேதான் இருக்கும்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? வீடு கட்டும்போது எலெக்ட்ரீஷியன் சுவரில் சாக்பீஸால் வட்டம் போடுவாரே, அந்த நாளை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் வீட்டுக்காரர், மேஸ்திரி, சும்மா வேடிக்கை பார்க்க வந்த மச்சான். இந்த நாலு பேரும் சேர்ந்து வாழ்நாளில் உரித்த வெங்காயம் ஒரு கிலோ தேறாது. ஹாலில் டி.வி.க்கு எந்த உயரத்தில் ப்ளக் வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள். சமையலறைக்கு வந்ததும், "நடுவுல ஒண்ணு, வாசலுக்கு மேல ஒண்ணு போட்டுருப்பா." தீர்ந்தது. அடுத்த முப்பது வருஷத்துக்கு ஒருவர் தன் நிழலில் நின்று சமைக்க வேண்டும்.

பாட்டி காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. விளக்கு மோசம்தான், சிம்னி விளக்கும் அரிக்கேனும்தான். ஆனால் வேலைக்குக் கால் இருந்தது. அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவார்கள். அரிசி புடைக்கத் திண்ணை, கீரை ஆய வாசற்படி. வெளிச்சம் எங்கேயோ வேலை அங்கே. கேஸ் அடுப்பு வந்தது, மேடை வந்தது, எல்லாரும் எழுந்து நின்றார்கள். இடுப்புவலிக்கு நல்லதுதான். ஆனால் வேலையைச் சுவரோடு சேர்த்து சிமென்ட் போட்டுப் பூசிவிட்டோம். விளக்கை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டோம்.

இப்படி மேடையும் அலமாரியும் சுவரோடு சேர்ந்த சமையலறைக்கு ஒரு மூதாட்டி உண்டு. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலை நிபுணர் வரைந்தது. ஆறேகால் அடி அகலம், பதினோரு அடி நீளம். நம்ம ஊர் ஃப்ளாட் பில்டர்கள் பார்த்தால் கண்ணீர் விட்டு வணங்குவார்கள். அந்தச் சந்துக்குள் அந்த அம்மாள் வெளிச்சத்தை மறக்கவில்லை. நறுக்கும் மேஜை ஜன்னலுக்குக் கீழே. கூரை விளக்கு தண்டவாளத்தில் ஓடும். வேலை நடக்கும் இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். சுமார் பத்தாயிரம் வீடுகளில் இது வைக்கப்பட்டது. இத்தனைக்கும் அதை வரைகிற வரைக்கும் தான் சமைத்ததே கிடையாது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சமைக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சமைப்பவர்களைக் கவனித்தால் போதும் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. மாடுலர் கிச்சன் என்று நாம் அங்கிருந்து பெட்டிகளை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். தண்டவாள விளக்கு கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் ஒரு பி.காம். கணக்கு எழுதியும் கட்டுரை எழுதியும் ஈ.எம்.ஐ. கட்டும் ஜாதி. இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். அப்பா போன பிறகு அம்மா ஊரிலிருந்து எங்களோடு வந்துவிட்டார். வயது அறுபத்தாறு. உயரம் நாலடி பத்து அங்குலம். (இந்த உயரம் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

வந்த புதிதில் ராத்திரிச் சமையல் அம்மா கைவசம் இருந்தது. கொஞ்ச நாளில் அது மெல்ல மெல்ல நகர ஆரம்பித்தது. ஏழு மணிச் சமையல் ஆறுக்கு வந்தது; அப்புறம் ஐந்து; கடைசியில் நாலரைக்கே குழம்பு இறங்கிவிடும். எட்டரை மணிக்கு நாங்கள் சாப்பிடும்போது அது நாலாவது தடவை சுட வைத்த குழம்பாக இருக்கும். காய் நறுக்குவது பால்கனிக்கு மாறியது. "சாயங்காலம் காத்தாட உக்காந்துக்கறேன்டா" என்றார். ஒரு நாள் மழை. பால்கனி ஈரம். அன்றைக்கு ரசமும் அப்பளமும். மறுநாளும் மழை, மறுநாளும் ரசம். அக்கம்பக்கத்தில், "வயசாச்சில்ல, சமையல்ல இஷ்டம் விட்டுப்போச்சு" என்று ஒரு தீர்ப்பு உலவியது.

கண்ணாடி பவர் மாற்றப் போன இடத்தில் கண் டாக்டர், சோதித்து முடித்துவிட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல எந்த எடத்துலம்மா சிரமமா இருக்கு?"

அம்மா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "சமையக்கட்டுல, சாயங்காலத்துக்கு மேல. கையே தெரிய மாட்டேங்குது டாக்டர்."

கண் ஒரு கேமரா என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தக் கேமராவுக்கும் தேய்மானம் உண்டு. (பி.காம். பாஷையில் டிப்ரீசியேஷன்.) வயதாக ஆக பாப்பா சிறுத்துப் போகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளித்துப் போகிறது. இருபது வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேருகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. ஆக, நமக்கு 'நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றுகிற அதே அறை அவர்களுக்கு மாலை மங்கல். கூடவே இன்னொரு வில்லங்கம்: அந்த வயதில் கூசும் வெளிச்சத்தையும் தாங்க முடியாது. வெளிச்சம் அதிகம் வேண்டும், ஆனால் விளக்கு கண்ணில் படக்கூடாது. கேட்கும்போது மாமியார் போடும் கண்டிஷன் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இதற்கு வழி இருக்கிறது.

மேடைக்கு மேலே சுவரில் தொங்குகிறதே கப்போர்டு, அதன் அடிப்பாகத்தில் விளக்கை வைக்க வேண்டும். அங்கிருந்து மேடைக்கு இரண்டடிகூட இல்லை. சமைப்பவரின் தலைக்கு முன்னால் இருப்பதால் நிழல் மேடை மேல் விழாது. அவ்வளவுதான் தத்துவம்.

தத்துவம் சுலபம். மாட்ட வந்த ஆள்தான் கஷ்டம்.

கப்போர்டு செய்த இன்டீரியர் கடையிலேயே சொன்னோம். ஒரு இளைஞர் வந்தார். ஆறடி உயரம், கையில் லேசர் அளவுகோல். "ஸ்ட்ரிப் லைட் போட்டுரலாம் சார், செம ஆம்பியன்ஸா இருக்கும். ரிமோட்டுல பதினாறு கலர் மாறும்" என்றார்.

"கலரெல்லாம் வேணாம் தம்பி, வெண்டைக்காய் நறுக்கணும்" என்றார் அம்மா.

அரை மணியில் வேலை முடிந்தது. எல்.இ.டி. நாடாவைப் பின்பக்கத்துக் காகிதத்தை உரித்து, கப்போர்டின் அடியில், சுவரை ஒட்டி, நீளத்துக்கு ஒட்டினார். ஸ்விட்சைத் தட்டினார். டைல்ஸ் ஜொலித்தது, துணிக்கடை ஷோகேஸ் மாதிரி. "பாருங்க சார், லைட் இருக்கறதே தெரியல!" என்றார். உண்மைதான். அவர் உயரத்துக்கும் என் உயரத்துக்கும் தெரியவே இல்லை.

அம்மா வந்து நின்றார். நின்றவர் கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார், எதிரே லாரி வருகிற மாதிரி.

இங்கேதான் அந்த நாலடி பத்து அங்குலம். கணக்கைப் பாருங்கள். மேடையின் உயரம் 2 அடி 10 அங்குலம். அதற்கு மேல் 1 அடி 10 அங்குலம் தள்ளிக் கப்போர்டின் அடிப்பாகம். மொத்தம் 4 அடி 8 அங்குலம். என் கண் அதைவிட முக்கால் அடி மேலே இருக்கிறது; கப்போர்டின் அடிப்பாகத்தை நான் பார்க்கவே முடியாது. அம்மாவின் கண் இருப்பது நாலரை அடிக்கும் கீழே. ஒட்டிய அத்தனை எல்.இ.டி. புள்ளிகளும் நேரே அவர் கண்ணில். ஹால் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே தரிசனம். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

பிறகு வந்தவர் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க யாரு நிப்பாங்க?" அம்மாவை நிற்க வைத்தார். ஒரு நூலை எடுத்து அம்மாவின் கண்ணருகே ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைக் கப்போர்டின் முன்விளிம்பைத் தொட்டபடி உள்ளே இழுத்தார். நூல் போய் முட்டிய இடம் வரை கண்ணில் படும் என்றார். பிறகு, ஆசாரியைக் கூப்பிட்டு, கப்போர்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குலம் கீழே இறங்குகிற மாதிரி ஒரு பட்டி அடிக்கச் சொன்னார். கப்போர்டு ஒட்டிய அதே மைக்கா, அதே நிறம். மறுபடி நூல் பிடித்தார். இப்போது நூல் பட்டியின் கீழ்முனையைத் தொட்டுக்கொண்டு, உள்ளே எட்டு அங்குலம் தாண்டித்தான் கப்போர்டில் முட்டியது. அந்த எட்டு அங்குலத்துக்குள் விளக்கை எங்கே வைத்தாலும் அம்மா கண்ணுக்குத் தெரியாது. சோபாவுக்கும் இதே பரீட்சை, அங்கேயும் பாஸ்.

அண்ணன் விளக்கைப் பட்டியை ஒட்டியே வைத்தார். அதாவது சுவர்ப்பக்கம் அல்ல, நம் பக்கம். இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. சுவரை ஒட்டி வைத்தால் வெளிச்சத்தில் பாதி டைல்ஸுக்குப் போய்விடும். டைல்ஸை யாரும் நறுக்குவதில்லை. முன்பக்கம் வைத்தால் நறுக்குகிற பலகைக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே விளக்கு வந்துவிடும்.

அப்பாடா என்று உட்காரப் போனால், கிரானைட் கோள் சொன்னது! எங்கள் மேடை பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். பத்திரிகை விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கும். நிஜத்தில் அது ஒரு கறுப்புக் கண்ணாடி. மேலே ஒளித்து வைத்த எல்.இ.டி. புள்ளிகள் அத்தனையும் கீழே மேடைக்குள் வரிசையாகக் கண்ணைச் சிமிட்டின. விளக்கை நேரடியாகப் பார்வையிலிருந்து மறைத்தாலும், பிரதிபலிப்பிலிருந்து மறைப்பது தனி வேலை.

அதற்குத்தான் 'ப்ரொஃபைல்' என்று ஒன்று விற்கிறார்கள். அலுமினியத்தில் சன்னமான சானல், அதற்குள் நாடா, மேலே பால் நிற மூடி. மூடி புள்ளிகளைக் கரைத்து ஒரே கோடாக்கிவிடும். அலுமினியம் எல்.இ.டி.யின் சூட்டை இழுத்துக்கொள்ளும், எல்.இ.டி.க்குச் சூடுதான் எமன், ஆகவே ஆயுசு கெட்டி. நாடாவில் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது, இப்போது 'சி.ஓ.பி.' என்று புள்ளியே தெரியாத நாடாவும் கிடைக்கிறது. அண்ணன் வாங்கி வந்தது நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்த ப்ரொஃபைல். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். நம் பக்கம் எகிறும் பிரதிபலிப்பு அதனால் இன்னும் அடங்கியது. முழுக்கப் போகவில்லை, பாலிஷ் கிரானைட் இருக்கும்வரை போகாது. இனிமேல்தான் மேடை போடப் போகிறீர்கள் என்றால், 'லெதர் ஃபினிஷ்' என்கிற மங்கலான கிரானைட்டைக் கேளுங்கள். இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

இன்னொன்று: நாடாவின் பின்னால் இருக்கும் பசையை நம்பாதீர்கள். எண்ணெய்ப் புகையும் ஆவியும் படப்பட, ஒரு நாள் சாம்பாருக்குள் தலையை நீட்டும். ப்ரொஃபைலை க்ளிப் போட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டவே வேண்டாம். அங்கேதான் சிம்னி இருக்கிறதே, அதற்கே விளக்கு உண்டு. ஆகவே நாடாவை இரண்டு துண்டாக்கி, இடது கப்போர்டுக்கு ஒன்று, வலது கப்போர்டுக்கு ஒன்று. இரண்டையும் இணைக்கும் வயர் சிம்னிக்கு மேலே, கப்போர்டின் தலை மேல் போகட்டும். டைல்ஸ் மேல் ஓணான் மாதிரி ஊர்ந்து போகக்கூடாது.

கலர் விஷயம். கடையில் மூன்று வெள்ளை வைத்திருப்பார்கள். 3000 கெல்வின் என்றால் மஞ்சள் கலந்த வெள்ளை; 6500 என்றால் நீலம் பாய்ந்த ட்யூப்லைட் வெள்ளை; 4000 நடுவில். நம் ஜனங்களுக்கு 6500தான் 'வெளிச்சம்', மஞ்சள் என்றால் 'டல்'. பழக்கதோஷம். என் சிபாரிசு 4000. ஆனால் இதைவிட முக்கியமான ஒரு நம்பர் டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கும்: சி.ஆர்.ஐ. பொருள்களின் நிஜ நிறத்தை விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு அது மார்க். நூற்றுக்கு 80 என்பது பாஸ் மார்க். 90-க்கு மேல் என்றால் வாங்கலாம். மலிவு எல்.இ.டி.யில் சிவப்புதான் முதலில் அடிவாங்கும். தக்காளி சோகையாகத் தெரியும், மட்டன் பழசா புதுசா என்று புரியாது, தாளிப்பில் மிளகாய் சிவந்ததா கருகியதா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும்.

ஏன் சிவப்பு? வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது அடிப்படையில் நீல எல்.இ.டி. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஒளிரும் பொடியைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். சிவப்பு அதில் இயல்பிலேயே பற்றாக்குறை. அந்த நீலத்தை உண்டாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு. இதில் நகமுரா ஒரு ஜப்பானியக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1993-ல் பளிச்சென்ற நீல எல்.இ.டி. அங்கே வெளிவந்தது. உலகத்தையே மாற்றிய கண்டுபிடிப்புக்குக் கம்பெனி கொடுத்த போனஸ் 20,000 யென். அப்ரைசல் முடிந்து வாடிய முகத்தோடு இதைப் படித்துக்கொண்டிருக்கும் நண்பரே, ஆறுதல் அடையுங்கள். அவர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போய் 2005-ல் சமரசமாக 84 கோடி யென் வாங்கினார்.

இனி, எதை ஒளிக்கக்கூடாது என்பது. என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது. இந்த நாடா 12 அல்லது 24 வோல்ட்டில் எரியும். வீட்டு 230 வோல்ட்டை இறக்கிக் கொடுக்க ஒரு டப்பா உண்டு; டிரைவர் என்பார்கள், அடாப்டர் என்பார்கள். நண்பர் வீட்டுக்கு வேலை செய்தவர் 'எல்லாம் கன்சீல்டு சார்' என்று அந்த டப்பாவைக் கப்போர்டுக்கும் சுவருக்கும் நடுவே வைத்து ப்ளைவுட் அடித்து மூடிவிட்டார். மூச்சு முட்டிய டப்பா ஒரு கோடையைத்தான் தாண்டியது. புது டிரைவர் மாட்டுவது கால் மணி நேர வேலை. அதற்காகக் கப்போர்டைக் கழற்ற இரண்டு நாள், மறுபடி மாட்ட இரண்டு நாள். பல்லிக்கு மட்டும்தான் கடைசிவரை அந்த டிரைவரின் விலாசம் தெரிந்திருந்தது. கப்போர்டின் தலை மேல், காற்று படுகிற இடத்தில், ஸ்டூல் போட்டால் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தால் போதும். கீழே நிற்பவர் யாருக்கும் தெரியாது. சிங்க் பக்கம் கூடாது, அடுப்புப் பக்கம் கூடாது.

டிரைவரின் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. எங்கள் வீட்டில் இரண்டு துண்டும் சேர்த்து மூன்று மீட்டர். மீட்டருக்குப் பத்து வாட். மொத்தம் 30. அண்ணன் 40 வாட் டிரைவர் போட்டார். எப்போதும் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக வேண்டும் என்பார். நான் இதை ரிசர்வ் ஃபண்ட் என்று புரிந்துகொண்டேன். தினம் நாலு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். ஹாலில் யாரும் பார்க்காமல் ஓடும் டி.வி.யை நினைத்தால் இது செலவே அல்ல.

வாடகை வீட்டில் இருக்கும் நண்பர்களும், மேன்ஷனை விட்டு ரூம் எடுத்துக் கைச்சமையல் செய்யும் பிரம்மச்சாரிகளும், "எங்களுக்கு ஏது சார் கப்போர்டு?" என்பது காதில் விழுகிறது. கடப்பா கல் ஷெல்ஃப் இருக்குமே? போதும். ப்ளக்கில் சொருகுகிற மாதிரி ஒல்லியான எல்.இ.டி. பேட்டன் ஒரு அடி, இரண்டு அடி நீளங்களில் கிடைக்கிறது. ஹார்டுவேர் கடையில் அலுமினிய 'எல்' ஆங்கிள் ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். கல்லின் முன்விளிம்பில் ஆங்கிளை ஒட்டி, அதன் பின்னால் பேட்டனை ஒட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், வீட்டு ஓனரிடம் வசவு வாங்க வேண்டாம். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். ஷெல்ஃபும் இல்லையென்றால், ட்யூப்லைட்டை எதிர்ச்சுவரிலிருந்து மேடைக்கு மேலே இருக்கும் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

ஸ்விட்சைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆறடி இளைஞர் ரிமோட் தந்துவிட்டுப் போயிருந்தார். மாவு பிசைந்த கையோடு யாராவது ரிமோட்டைத் தேடுவார்களா? கையை வீசினால் எரியும் சென்சாரும் இருக்கிறது. ஆனால் தாளிக்கிற வேகத்தில் வீசும் கைக்கெல்லாம் அது அணைந்து அணைந்து எரிந்தால் தீபாவளிதான். அண்ணன் சமையலறை வாசலில், ட்யூப்லைட் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே, அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில், சாதா ஸ்விட்ச் ஒன்று வைத்துக் கொடுத்தார்.

முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா அந்த ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் தன் இரண்டு கையையும் மேடை மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மனைவி கொடுத்த வெண்டைக்காயை வாங்கி நறுக்க ஆரம்பித்தார். பால்கனிக்குப் போகவில்லை.

பிறகு உப்புமா செய்யலாம் என்று ரவை டப்பாவை இறக்கி, தட்டில் கொட்டினார்.

"ஏண்டா, இங்க வா."

போனேன். தட்டில் ரவை வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கு நடுவே மூன்று வண்டுகள் காலை வாக்கிங் போய்க்கொண்டிருந்தன.

"இத்தனை நாளா என்னத்தைடா தின்னுட்டிருந்தோம்?"

"அது போன வாரம் வாங்கினதுதான் அத்தை" என்றாள் மனைவி அவசரமாக.

அம்மாவின் பார்வை ரவையை விட்டு நிமிர்ந்தது. டைல்ஸுக்குப் போனது. இத்தனை வருஷமாக இருட்டு மூடி வைத்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு, தாளித்த கடுகின் தடம், மிக்ஸி தெறித்த சட்னி, எல்லாம் புது வெளிச்சத்தில் பளிச்சென்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. அங்கிருந்து பார்வை என்னிடம் வந்தது. என்னிடமிருந்து, கொடியில் தொங்கிய என் பழைய பனியனுக்குப் போனது.

துடைத்து முடிக்கும்போது மணி பதினொன்று.